கப்பல் நேரம்

“நேரத்துக்குத் திரும்பலைன்னா கப்பல் நமக்காகக் காத்திருக்குமா?” என்று கிளெனிஸ் ஒருமுறை கேட்டாள்.

அது மார்ச் மாதத்து வியாழக்கிழமை. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊரில், சந்தைக்குப் பின்புறத் தேநீர்க் கடையில், சன்னலோர மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடம் ஒரே பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்து உருளைக்கிழங்கு மசித்தவர்கள். ஓய்வு பெற்ற பிறகும் வியாழக்கிழமை மட்டும் விட்டுப்போகவில்லை. மத்தியதரைக் கடலில் ஏழு இரவுப் பயணம் என்ற விளம்பரத் தாளை வெண்டி மேசைமேல் விரித்து, வெண்ணெய் படிந்த விரலால் ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டிருந்தாள். ஜெனோவா, நேப்பிள்ஸ், மால்டா, டூனிஸ், பலெர்மோ. மூவரில் கப்பலில் போய்ப் பழகியவள் நோரீன்தான். கணவன் கிளிஃப் உயிரோடிருந்தபோது இரண்டு முறை போயிருக்கிறாள். அதனால் கேள்வி அவளிடம் வந்தது.

“காத்திருக்காது. ஒரு நிமிஷம்கூட நிக்காது,” என்றாள் நோரீன். “கிளிஃபும் நானும் மேல்தட்டுல நின்னு பார்த்திருக்கோம். ஒரு புருஷன் பொண்டாட்டி கரையில ஓடி வர்றாங்க, கை நிறையப் பை. ஜனங்க மேல நின்னு கைதட்டுறாங்க. கப்பல் பாட்டுக்குப் போயிட்டே இருக்கு.”

“அப்புறம் அவங்க கதி?”

“கிளம்புறதுக்கு முன்னாடியே கப்பல்காரங்க அவங்க அறைக்குப் போய், பெட்டகத்தைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுகத்துல இருக்கிற ஏஜெண்ட் கிட்டக் குடுத்துருவாங்க. அதை வச்சுக்கிட்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.”

“பெட்டகத்துக்கு நாம வச்ச நம்பர் அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எல்லாப் பெட்டகத்தையும் திறக்கிற சாவி ஒண்ணு அவங்க கிட்ட இருக்கும்.”

கிளெனிஸ் மெதுவாகத் தலையாட்டினாள். ஸ்வெட்டரின் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“இன்னும் டிக்கெட்டே எடுக்கலை, அதுக்குள்ள கப்பலைத் தவற விடுறாளாம்,” என்று வெண்டி சிரித்தாள். “நீ கவலைப்படாதடி. நான் ஓடி வந்தா கப்பல் என்ன, கடலே நிக்கும்.”

அவ்வளவுதான் பேச்சு. பிறகு என்ன உடுப்பு எடுத்துப்போவது என்பதில் போய்விட்டது. இந்தச் சின்னப் பேச்சை நோரீன் பின்னால் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. பெட்டகத்தைப் பற்றிக் கேட்டபோது கிளெனிஸ் பன்னிலிருந்த திராட்சைகளை எல்லாம் பொறுக்கித் தட்டின் ஓரமாக வரிசை வைத்திருந்தாள் என்பதுகூட நினைவிலிருந்தது.

பெண்கள் மூவர் மட்டும் போவதாகத்தான் ஏற்பாடு. ஏப்ரலில் கிளெனிஸின் கணவன் டெஸ்மண்ட், எல்லாருக்கும் டெஸ், தனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துவிட்டான். “மூணு கிழவிங்க நடுக்கடல்ல என்ன பண்ணுவீங்க, ஒரு ஆம்பளை வேண்டாமா,” என்றான். வெண்டிக்கு அவனைப் பிடிக்கும். ஊரில் முக்கால்வாசிப் பேருக்குப் பிடிக்கும். கதவைத் திறந்து பிடிப்பான், பெட்டியைத் தூக்கிக் கொடுப்பான், யாருடைய நாய்க்கு என்ன பெயர் என்பதை நினைவில் வைத்திருப்பான். நோரீன் மட்டும் அவனிருக்கும் இடத்தில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியைத் தேடுவாள்.

காரணம் அவளுக்குத் தெரியும். சமையலறை நாட்களில் கிளெனிஸின் கையில் அடிக்கடி ஏதாவது தழும்பு இருக்கும். அடுப்பு சுட்டுவிட்டது என்பாள். அதே அடுப்பில்தான் நோரீனும் நின்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அடுப்பு அவளை இரண்டு தடவைக்குமேல் சுட்டதில்லை. ஒரு நாள்கூட அவள் வாய் திறந்து கேட்டதில்லை. பிறவியிலேயே அவளுக்குப் பேச்சு தொண்டைவரை வந்து நின்றுவிடும். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் நினைப்பாள். கழுவி முடித்ததும் நினைப்பும் வடிந்துவிடும்.

கப்பலில் ஏறிய அன்றே டெஸ் தன் பாஸ்போர்ட்டோடு கிளெனிஸின் பாஸ்போர்ட்டையும் பெட்டகத்தில் வைத்து, தனக்கு மட்டும் தெரிந்த எண்ணைப் போட்டுப் பூட்டினான். இதைச் சாப்பாட்டு மேசையில் அவனே பெருமையாகச் சொன்னான். “இவ கிட்ட நம்பரைச் சொன்னா முதல் நாளே மறந்துருவா.” ஏறவும் இறங்கவும் காட்ட வேண்டிய அட்டை ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். கிளெனிஸின் அட்டையும் அவன் கழுத்துக் கயிற்றில்தான் தொங்கியது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், “இவளுக்கு மீன்,” என்று அவனே சொல்லிவிடுவான். சொல்லும்போது அவன் கை கிளெனிஸின் பிடரியில் இருக்கும். தடவிக் கொடுப்பதுபோலத்தான் இருக்கும். கட்டைவிரல் மட்டும் அசையாமல் ஒரே இடத்தில் அழுந்தியிருக்கும்.

“இந்த வயசுலயும் எப்படித் தாங்குறான் பாரு,” என்று வெண்டி நோரீனின் காதில் சொன்னாள்.

நேப்பிள்ஸில் வெயில் கொளுத்தியது. எல்லாரும் கையில்லாத சட்டையில் திரிந்தார்கள். கிளெனிஸ் முழுக்கைச் சட்டையை மாற்றவேயில்லை. மால்டாவில் படிக்கட்டில் ஏறும்போது கால் இடறி நோரீன் மேல் சாய்ந்தாள். சட்டைக்கை மேலேறியது. தோளுக்குக் கீழே நான்கு தடம், திராட்சை நிறத்தில், வரிசையாக.

“குளியலறைக் கதவு இடிச்சிருச்சு,” என்றாள் கிளெனிஸ், நோரீன் கேட்காமலே.

நோரீனின் மணிக்கட்டில் கிளிஃபின் பழைய கடிகாரம் இருக்கும். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். பெரிய ஆண்பிள்ளைக் கடிகாரம், அவள் மெலிந்த கையில் வளையலைப்போல வழுகும். டெஸுக்கு அது பெரிய வேடிக்கை. “என்ன நோரீன், உன் மணிக்கூண்டு என்ன சொல்லுது?” என்று மேசைக்கு மேசை கேட்பான். அவளை அவன் கூப்பிட்ட இன்னொரு பெயர் ஊமைக்கோட்டான். வெண்டி உட்பட எல்லாரும் சிரிப்பார்கள். நோரீனும் சிரிப்பாள்.

மறுநாளைக்கு எந்த ஊர், என்ன வெயில், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அச்சிட்டு இரவே அறைக் கதவில் செருகிவிடுவார்கள். காலைச் சாப்பாட்டில் அதை எல்லாருக்குமாக வாசிப்பது கிளெனிஸின் வேலை. டெஸுக்குச் சின்ன எழுத்து தெரியாது. வாசிக்கக் கண்ணாடி வேண்டும் என்று மருத்துவர் சொல்லி நாலு வருடம் ஆயிற்று. போட்டால் கிழவன்போல இருப்பேன் என்று வாங்கவேயில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைபோல அவள் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிப்பாள், அவன் முட்டையைத் தின்றுகொண்டே கேட்பான்.

டூனிஸ் போன அன்று காலை வெண்டிக்கு முழங்கால் வலி. இறங்கவில்லை, நீச்சல் குளத்தோரம் படுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டாள். மேசையில் மூவர்தான். கிளெனிஸ் வாசித்தாள். வெப்பம் முப்பத்தொன்று. தண்ணீர்ப் புட்டி எடுத்துச் செல்லவும். மாலை ஐந்து மணிக்குள் அனைவரும் கப்பலில் இருக்க வேண்டும். இரவு உணவுக்கு வெள்ளை உடுப்பு. அதோடு தாளை மடித்தாள்.

நோரீன் தன் அறைத் தாளை முன்னமே வாசித்திருந்தாள். நடுவில் கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் ஒன்று இருந்தது. டூனிஸில் கரை நேரம் கப்பல் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது, கடிகாரத்தை மாற்ற வேண்டாம், கப்பல் நேரத்தையே பின்பற்றவும். கிளெனிஸ் அதை மட்டும் விட்டுவிட்டாள். மறந்திருப்பாள் என்று நினைத்து நோரீன் வாயைத் திறக்கப் போனாள். அந்நேரம் கிளெனிஸ் கண்ணை உயர்த்தி அவளைப் பார்த்தாள். கெஞ்சும் பார்வை இல்லை. சமையலறையில் கொதிக்கும் அண்டாவை இரண்டு பேராகத் தூக்கும்போது, நீ தயாரா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

ஒலிபெருக்கியிலும் அதைச் சொன்னார்கள். ஐந்து மொழியில் சொல்வார்கள், ஆங்கிலம் நான்காவது. அதற்குள் யாரும் காது கொடுப்பதில்லை. டெஸ் இன்னொரு முட்டை வாங்க எழுந்து போயிருந்தான். நோரீன் ரொட்டியை எடுத்து, ஓரம்வரை, நிதானமாக, வெண்ணெய் தடவினாள்.

மலைமேல் வெள்ளை வீடும் நீலக் கதவுமாக இருந்த ஊருக்கு டாக்சியில் போனார்கள். இரண்டு தெரு சுற்றியதும் கிளெனிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஒரு ஓட்டலின் நிழலில் உட்கார்ந்தார்கள். உள்ளே தொலைக்காட்சியில் இங்கிலாந்துக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் தொடங்கப் போகிறது என்று அங்கே தங்கியிருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் சொன்னார். டெஸின் முகம் மலர்ந்தது. பீர் வந்தது. போனை எடுத்துக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தான். அதில் மணி பெரிய எழுத்தில் தெரியும்; போகிற ஊரின் நேரத்துக்குத் தானாகவே மாறிக்கொள்ளும்.

“ரெண்டு அம்பது. பாரேன், இங்க நம்ம ஊர் நேரமேதான்,” என்றான். ஏதோ தன்னை மதித்து அந்த நாடு செய்த ஏற்பாடுபோல. “எத்தனை மணிக்கு ஏறணும், அஞ்சுதானே?”

 கிளெனிஸ் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெஸ் நோரீனிடம் திரும்பினான். “உன்னைத்தான் கேட்கிறேன், ஊமைக்கோட்டான். அஞ்சு மணிதானே?”

நோரீனின் மணிக்கட்டில் மூன்று ஐம்பது. கடிகாரம் உள்பக்கம் திரும்பியிருந்தது. முள் நகரும் சத்தம் தன் எலும்புக்குள் கேட்பதுபோல இருந்தது அவளுக்கு.

“அஞ்சு மணிதான்,” என்றாள்.

“அப்ப இடைவேளை வரைக்கும் பார்த்துட்டு வர்றேன். நீ இவளைக் கூட்டிட்டுப் போ.” அவன் கழுத்துக் கயிற்றிலிருந்து கிளெனிஸின் அட்டையை உருவினான். உடனே கொடுக்கவில்லை. விரல்களுக்கிடையில் திருப்பித் திருப்பி, மனைவியின் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்ததுபோல இருந்தது. “நேரா அறைக்குப் போற. படுத்துக்கிற. நான் வந்து எழுப்புவேன்.” அட்டையை அவளுடைய சட்டைப்பையில் போட்டு, பையைத் தட்டிக் கொடுத்தான்.

டாக்சியில் இருவரும் திரும்பினார்கள். துறைமுக வாசலில் இறங்கும்போது கிளெனிஸின் உள்ளங்கையில் நான்கு நகப் பிறை பதிந்திருந்ததை நோரீன் பார்த்தாள்.

ஐந்தடித்துப் பத்து நிமிடத்தில் ஒலிபெருக்கியில் டெஸின் பெயரையும் அறை எண்ணையும் கூப்பிட்டார்கள். மூன்று முறை. நோரீன் நடைவழியில் நின்றிருந்தாள். வெள்ளைச் சீருடையில் ஒரு அதிகாரியும் ஒரு பெண்ணும் அறைக்கு வந்தார்கள். கணவர் எங்கே என்று கேட்டார்கள். தெரியாது என்றாள் கிளெனிஸ். நீங்கள் இறங்கி அவருக்காகக் காத்திருக்க விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள். அந்தப் பெண் அவள் கையையும் முகத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்கவில்லை. பெட்டகம் திறந்தது. இரண்டு பாஸ்போர்ட் இருந்தன. ஒன்றை அதிகாரி உறையில் போட்டு எடுத்துக்கொண்டு விரைந்தார். மற்றதை அந்தப் பெண் கிளெனிஸின் கையில் கொடுத்தாள். அதை அவள் பிரித்துப் பார்க்கவில்லை. அடுப்பிலிருந்து எடுத்ததைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கப்பல் நகர்ந்தபோது வெண்டி மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திச் சிரித்தாள். “அடக் கடவுளே, அது நம்ம டெஸ்ஸேதான். பாருங்கடி.”

அவன் கரையில் ஓடவில்லை. டாக்சிக் கதவு திறந்திருக்க, அதன் பக்கத்தில் நின்றான். போனைப் பார்த்தான். கப்பலைப் பார்த்தான். பிறகு அண்ணாந்து, கம்பியோரம் நின்ற அத்தனை முகங்களிலும் ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினான். சுற்றிலும் ஜனங்கள் கைதட்டினார்கள். நோரீன் ஓர் அடி பின்னால் போனாள். அவன் தன்னைக் கண்டுகொண்டானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

பலெர்மோவில் மறுநாள் காலை கிளெனிஸ் ஒரு சின்னப் பையோடு இறங்கினாள். “எங்க போறேன்னு கேட்காத. தெரியாட்டி நீ பொய் சொல்ல வேண்டியிருக்காது,” என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து நோரீனின் கன்னத்தில் முத்தம் வைத்தாள். பள்ளிக்கூடச் சோப்பின் வாசனை இன்னும் அவளிடம் இருந்ததாக நோரீனுக்குத் தோன்றியது.

டெஸ் ஊருக்கு வந்தபோது வீடு காலியாக இருந்தது. போலீசுக்குப் போனான். அவள் நலமாக இருக்கிறாள், கண்டுபிடிக்கப்பட விரும்பவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளுடைய தங்கை வீட்டு வாசலில் மூன்று நாள் காரில் உட்கார்ந்திருந்தான் என்று கேள்வி. ஊருக்கு அவன்மேல் இரக்கம். வெண்டி அவனுக்கு இறைச்சிக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். “அரை ஆளாயிட்டான், பாவம். ஏண்டி நோரீன், உனக்கு ஏதாவது தெரியுமா?” என்று ஒவ்வொரு வியாழக்கிழமையும் கேட்பாள். தெரியாது என்பாள் நோரீன். அது உண்மையாகவும் இருந்தது, நவம்பர் வரை.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே நாலு வரி. ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. அடுப்பு பெரியது, இதுவரை சுடவில்லை. வீட்டுக்கு இரண்டு சாவி, இரண்டும் என்னிடமே. அவ்வளவுதான். உறையின் மேல் தபால் முத்திரையில் வடக்கே வெகுதூரத்திலுள்ள ஓர் ஊரின் பெயர் தெளிவாக விழுந்திருந்தது. அந்தப் பெயரை நோரீன் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கக்கூட இல்லை.

மாலை நான்கு மணி. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து நாலாம் தடவையாகக் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. கதவுக் கண்ணாடிக்கு அப்பால் உயரமான உருவம். கடிதத்தை மடித்து மேலங்கிப் பையில் திணித்தாள். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

டெஸ் மெலிந்திருந்தான். “உள்ள கூப்பிட மாட்டியா, நோரீன்?” என்றான். ஊமைக்கோட்டான் என்று சொல்லவில்லை. அவள் விலகி வழிவிட்டாள்.

தேநீர் ஊற்றினாள். அவன் கிளிஃபின் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தேகால். குளிர்காலத்துக்கென்று நாடு முழுக்க நேரத்தை ஒரு மணி பின்னால் வைத்து ஒரு வாரமாகிறது. ஏணியில் ஏறத் தெம்பில்லாமல் அவள் அதை அப்படியே விட்டிருந்தாள்.

“இந்த வீட்டுலயும் ரெண்டு நேரமா,” என்றான்.

அவள் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“வெண்டி குழம்பு கொண்டாந்தா. நல்ல பொம்பளை. கப்பல் கதை சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. டூனிஸ்ல அவ போன்கூட ஒரு மணி பின்னால போயிருச்சாம். நீச்சல் குளத்துல படுத்தே சாப்பாட்டை விட்டிருப்பாளாம். ‘நம்ம நோரீன் கெட்டிக்காரி, கிளிஃப் கடிகாரத்துல கப்பல் நேரத்தையே வச்சிருந்தா’ன்னா.”

கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தான். கப்பலில் கதவில் செருகும் தாள். அவன் அறையிலிருந்த சாமான்களோடு அனுப்பி வைத்திருப்பார்கள். பிறகு இன்னொரு பையிலிருந்து ஒரு சின்னக் கூட்டை எடுத்தான். திறந்தான். புதிய கண்ணாடி. காதில் மாட்டிக்கொண்டு, கட்டம் கட்டியிருந்த வரிகளை, ஒவ்வொரு சொல்லாக விரலால் தொட்டு, சத்தமில்லாமல் உதடசைத்து வாசித்தான். வாசித்து முடித்து அவள் மணிக்கட்டைப் பார்த்தான்.

“அன்னிக்கு நான் கேட்டப்ப, உன் கையில மணி என்ன?”

பேச்சு தொண்டைவரை வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. “மூணு அம்பது,” என்றாள் நோரீன்.

அவன் தலையாட்டினான். கோபம் தெரியவில்லை. விலை கேட்டுத் தெரிந்துகொண்டவன்போலத் தாளை மடித்தான். மடித்த தாளை எடுக்கும்போதுதான் தேநீர்க் கெண்டிக்குக் கீழே வைக்கும் பலகையின் அடியில் ஏதோ வெள்ளையாக நீட்டிக்கொண்டிருப்பதை அவன் பார்த்தான். அவன் பார்த்த பிறகே நோரீனும் பார்த்தாள். கடிதத்தை மட்டும்தான் அவள் பையில் போட்டிருந்தாள்; உறை மேசையிலேயே கிடந்திருக்கிறது.

அவன் கெண்டியைப் பலகையோடு தூக்கி, சிந்தாமல், ஒரு பக்கமாக வைத்தான். உறையை எடுத்தான். வெளிச்சத்துக்குத் திருப்பினான். கண்ணாடியை மூக்கின் மேல் சற்று ஏற்றிவிட்டுக்கொண்டான். அவள் கை தானாக நீண்டது, நீண்டு மேசையில் பாதித் தூரத்தில் நின்றது. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மணிக்கட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது.

உறையை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தான். அதன்மேல் பலகையோடு கெண்டியை வைத்தான். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டு மூடினான். டக்கென்று ஒரு சத்தம். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடந்தான். கதவைத் தனக்குப் பின்னால் மெதுவாகச் சாத்தினான்.

சன்னல் வழியே அவன் காருக்குள் விளக்கு எரிவது தெரிந்தது. மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் குனிந்திருந்தான். சற்று நேரத்தில் விளக்கு அணைந்தது. கார் அவன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. சாலை முனைவரை போய், வடக்கே போகும் பெருஞ்சாலையின் பக்கம் வளைந்து மறைந்தது.